முன்னால் போன சேலை

திருச்செங்கோட்டு மலைக்குக் கிழக்கே, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வரிசையாக நிற்கும் பண்ணைக்காட்டுத் தெருவில் போய், வசந்தாமணியின் மாம்பழக் கலர்ச் சேலை அவளுக்கு முன்னால் கடலுக்குப் போய்விட்டு வந்தது என்று சொல்லிப் பாருங்கள், ஒருத்தரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். போன தடவையா, அதற்கு முந்தின தடவையா என்று கேட்டுவிட்டு, காயப்போட்ட மிளகாயைத் திருப்பிவிடப் போய்விடுவார்கள்.

வசந்தாமணி அந்தத் தெருவில் தார்ப்பாய் தைக்கிறவள். அவள் புருஷன் சுப்பராயன் கம்ப்ரசர் மெக்கானிக். காலமெல்லாம் அந்த இரைச்சலுக்குள்ளேயே கிடந்த மனுஷனுக்கு வீட்டுக்கு வந்தால் பேச்சு என்பதே கிடையாது. சோறு வேண்டுமென்றால் தட்டைப் பார்ப்பார், குழம்பு வேண்டுமென்றால் சோற்றைப் பார்ப்பார், போதுமென்றால் எழுந்துவிடுவார். ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள் போன் செய்தால்கூட, "இரு, அம்மாகிட்டக் குடுக்கறேன்" என்பதோடு சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டு, பட்டறைத் தரையில் சாக்பீசும் கையுமாகக் குந்திவிட்டால் அவர் வேறு ஆள். அன்றைக்குத்தான் சங்குமுனையைப் பற்றிப் பேசுவார்கள்.

சங்குமுனை தெற்கே ராமநாதபுரத்துச் சீமையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு கிடக்கும் ஒரு மணல் நாக்கு. கல்யாணமான புதிதில், அந்தப் பக்கம் ரிக் ஓட்டிவிட்டு வந்த டிரைவர் ஒருவன், அங்கே ஒரு பக்கம் அலையே இல்லாத பெண் கடல், மறுபக்கம் ஓயாமல் அடிக்கிற ஆண் கடல், நடுவே மணல்மேடும் பனையும் பூநாரைகளும் தவிர ஆளரவம் கிடையாது என்று சொல்லப்போக, சுப்பராயன் அன்று ராத்திரி முழுக்க அதையே வசந்தாமணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இருவருமே கடலைப் பார்த்ததில்லை. பாறையைக் குடைந்து குடைந்து தண்ணீர் தேடுகிற ஊர்க்காரர்களுக்கு, தேடாமலே கிடக்கிற தண்ணீர் என்றால் நினைத்துப் பார்க்கவே நெஞ்சு அடைத்தது. "உன்னைய அங்க கூட்டிட்டுப் போறேன் வசந்தா, கூடாரம் அடிச்சுத் தங்கிட்டு வரலாம்" என்றார். அதற்கப்புறம் அரசாங்கம் சங்குமுனையைத் தேசியப் பூங்கா ஆக்கியது, மகள் பிறந்து வளர்ந்து கல்யாணமாகிப் போனாள், இவர்கள் மட்டும் ஞாயிறு தவறாமல் போய்க்கொண்டே இருந்தார்கள், பட்டறைத் தரையைத் தாண்டாமல்.

சாக்பீசால் கரையை வளைத்து இழுத்துவிட்டு அவர் சொல்வார்: "கூடாரம் இந்த எடத்துல. மண்ணு இளகிக் கெடக்கும், முளை நிக்காது. மணல் மூட்டை கட்டித்தான் இழுக்கோணும்."

"காத்து எந்தப் பக்கமிருந்துங்க வரும்?"

"பொழுதோட கடல்ல இருந்து வரும். வெடியக்கால கரையில இருந்து வரும்."

"அப்ப ரெண்டு பக்கமும் வாசல் வெச்சுத் தெச்சர்றனுங்க."

அப்படியே தைத்தாள். வண்டிகளுக்குத் தைத்து மிஞ்சிய பச்சைத் தார்ப்பாயில், ஊசி உடைய உடைய, இரண்டு வாசல் வைத்த கூடாரம். உண்மையைச் சொன்னால் வசந்தாமணிக்குக் கடல்மேல் ஆசையா, அல்லது கடலைச் சொல்லும்போது தன் முகத்தைப் பார்த்துப் பேசுகிற அந்த மனுஷன்மேல் ஆசையா என்று அவளுக்கே பிரித்துத் தெரியாது. இரண்டும் சேர்ந்து அவளை வாரம் பூராவும் அரித்தெடுத்தன.

கடைசியில் மகள்தான் ஓசூரிலிருந்து கம்ப்யூட்டரில் விண்ணப்பித்து, இரண்டு பேர் கூடாரம் அடித்து ஒரு ராத்திரி தங்க வனத்துறை அனுமதி வாங்கிக் கொடுத்தாள். அது வியாழக்கிழமையாக வாய்த்தது. வியாழக்கிழமை தெற்கே சூலம். சங்குமுனையோ நேர் தெற்கு. சுப்பராயன் பஞ்சாங்கத்தை மூடிவிட்டு, "பரஸ்தானம் வெச்சுப்போடலாம்" என்றார்.

பரஸ்தானம் தெரியாதவர்கள் இருந்தால் சொல்லிவிடுகிறேன். கிளம்பவேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முந்தின நல்ல நாளில் பயணச் சாமான் ஒன்றைக் கொண்டுபோய், போகிற திசையில் உள்ள இன்னொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் பின்னால் எந்த நாளிலும் கிளம்பிக்கொள்ளலாம். அந்தக் காலத்து ராசாக்கள் வாளையும் குடையையும் இப்படித்தான் முன்னால் அனுப்பினார்களாம். ஒரே ஒரு கட்டுப்பாடு: வைத்த சாமானைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது. எடுத்துவந்தால் பயணம் ரத்து.

புதன்கிழமை நல்ல நேரத்தில் கூடாரக் கட்டையும், வசந்தாமணியின் மாம்பழக் கலர்ச் சேலையையும், சுப்பராயனின் ஈரிழைத் துண்டையும் தெற்கு வீட்டுத் தனபாக்கியத்தின் முன்னறையில் வைத்துவிட்டு வந்தார்கள். தனபாக்கியம் மாவு மில் வைத்திருப்பவள், தனிக்கட்டை, வீட்டில் ஒரு தூசி ஆகாது அவளுக்கு. அன்று மத்தியானமே மகள் போன் செய்தாள். ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றனவாம். அனுமதியைத் தள்ளி வைத்துவிட்டார்களாம். வசந்தாமணி அடுப்படியில் போய் நின்று அழுதாள். சாமான்களை எடுத்துவர முடியாதே, அங்கேயே கிடக்கட்டும் என்றார் சுப்பராயன்.

மறுநாள் காலையில் தனபாக்கியம் விளக்குமாறும் கையுமாக வந்து நின்றாள்.

"ஏனுங் வசந்தா, சாமான் வெக்கறதுன்னா வெய்யுங்க, வேண்டாங்கல. கூட ஒரு வண்டி மண்ணையுமா கொண்டாந்து கொட்டுவீங்க?"

போய்ப் பார்த்தார்கள். பூட்டின அறைக்குள் கூடாரம் சொதசொதவென்று நனைந்திருந்தது. சேலை மடிப்புக்குள் பொடிப்பொடியாக மணல். துண்டை உதறினால் ஒரு நண்டு விழுந்து, யாரையும் சட்டை செய்யாமல் பக்கவாட்டில் நடந்து வாசலைத் தாண்டிப் போனது. சுப்பராயன் துண்டின் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு" என்றார். அதோடு விசாரணை முடிந்தது.

பொழுது சாய்ந்தால் சாமான்கள் போயின, விடிந்தால் வந்தன. எப்படிப் போயின என்று யாரும் ஒளிந்திருந்து பார்க்கவில்லை. பயணம் புறப்பட்டவர்களை எங்கே போகிறாய் என்று கேட்பதே தப்பு, வழிமறித்து வேறு பார்ப்பதா என்பது தெருவின் நியாயம். கொத்தனார் ஒருவர் வந்து தனபாக்கியம் கூட்டிக் குவித்த மணலைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, கடல் மணல் பூச்சு வேலைக்கு ஆகாது, நாளைக்கே உப்புப் பூத்துவிடும் என்று கீழே போட்டார். தனபாக்கியம் அதைத் தென்னைக்குப் போட்டாள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, எப்படி இது சாத்தியம் என்று டீக்கடையில் கையை ஆட்டிப் பேசினார். அவருக்குச் சூடாக இன்னொரு டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார்கள்.

அப்புறம் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். எல்லார் வீட்டிலும் போக முடியாத இடம் ஒன்று இருக்கத்தானே செய்கிறது. அம்மா வீட்டோடு சண்டையென்று புருஷன் அந்த வாசலை மிதிக்க விடாமல் வைத்திருந்த ஒருத்தி, தன் செருப்பில் ஒன்றைக் கொண்டுவந்து அந்த அறையின் மேற்கு மூலையில் வைத்தாள்; காலையில் செருப்பில் அவள் அம்மா வீட்டுச் செம்மண்ணும், மேலே ஒரு பொட்டலம் முறுக்கும் இருந்தன. மகன் ஆப்பிரிக்காவில் ரிக் ஓட்டுகிற காளியம்மாள், மகனுக்குத் தருவதற்கென்று தைத்து வைத்திருந்த சட்டையைத் தன் பழைய சேலை ஒன்றின் முந்தானையில் சுற்றி வைத்தாள். அது ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது. சட்டையைக் காணோம், முந்தானை முடிச்சில் மகனின் பழைய சட்டையிலிருந்து பிய்ந்த பொத்தான் ஒன்று மட்டும் இருந்தது. அவள் அதைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள். ரிக் முதலாளி ஒருவர் பேராசைப்பட்டு, தண்ணீர் இருக்கிற இடத்தை அதுவே பார்த்துவிட்டு வரட்டுமென்று துளையிடும் பிட் ஒன்றைத் தூக்கிவந்து வைத்தார். அது எங்கும் போகவில்லை. மூலையிலேயே உட்கார்ந்து துருப்பிடித்தது. ஏக்கம் இல்லாத சாமான் நகராது என்று அன்றைக்குத் தெருவுக்குப் புரிந்தது.

தனபாக்கியத்துக்குத்தான் கூட்டி மாளவில்லை. "எங்கூட்டுல பத்து ஊர் மண்ணு கெடக்குது, நான்தான் ஒரு ஊருக்கும் போகலை" என்று முணுமுணுப்பாளே தவிர, ஒருவர் சாமானையும் வேண்டாமென்று திருப்பி அனுப்பியதில்லை.

இதில் சந்தோஷமாக இருந்தவர் சுப்பராயன். காலையில் எழுந்ததும் தனபாக்கியம் வீட்டுக்குப் போய்த் துண்டைப் பிழிந்து காயப்போட்டு, அதில் ஒட்டிக்கொண்டு வந்த கிளிஞ்சலையும் பாசியையும் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸ் கோடுகளைத் திருத்துவார். "பாரு வசந்தா, பாசி பச்சையா இருக்குது. பெண் கடல் பக்கந்தான் அடிச்சிருக்குது நம்ம கூடாரம்." ஆமைகள் போய் மறுபடி அனுமதி வந்தது, கம்ப்ரசர் ஒன்று அவசரம் என்றார். அதற்கப்புறமும் வந்தது, அந்த மாதம் ஆகாது என்றார். தெருக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். "சேலைதான் போயிட்டு வந்துருச்சே, இன்னும் நீ வேற எதுக்கு அலையோணும்?" என்றாள் காளியம்மாள், நல்ல மனசோடுதான்.

வசந்தாமணிக்குத் தன் சேலையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. சக்களத்திமேல்கூட ஒருத்திக்கு இவ்வளவு பொறாமை வந்திருக்காது. என் உடம்பில் கிடந்த துணி, நான் துவைத்து நான் மடித்த துணி, அது அலையில் கால் நனைக்கும், நான் இங்கே தார்ப்பாய்க்கு வளையம் அடித்துக்கொண்டிருப்பேனா என்று மனசுக்குள் வைதாள். முகர்ந்தும் பார்த்தாள். அந்த வாசனை அவளை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

ஒரு காலையில் சேலையைப் பிரித்துக் கொடியில் போடும்போது தனபாக்கியம் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வசந்தா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே. இது சந்தோசமாப் போயிட்டு வர்ற துணியாட்டத் தெரியலை எனக்கு. தெனமும் கூட்டறவளுக்குத் தெரியாதா? முன்னெல்லாம் மடிப்புக் கலையாம வரும். இப்ப கசங்கி, ஓரமெல்லாம் நைஞ்சு வருது. முன்னால போறது எதுக்கு? பின்னால ஆளு வரும்னுதானே. அங்க போய்க் காத்துக் கெடக்குது, வெடியற வரைக்கும் பாக்குது, யாரையும் காணோம்னு திரும்புது. பாவம்."

வசந்தாமணி கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு நாள் அதைத் திட்டினோமே என்று அதன் நைந்த ஓரத்தை விரலால் நீவிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுப்பராயன் சாக்பீஸ் எடுத்தபோது அவள் உட்காரவில்லை.

"ஏனுங்க, வர்ற வியாழக்கெழம அனுமதி வந்திருக்குது. மகளைக் கேட்டு நாந்தான் போடச் சொன்னேன். போலாமுங்க."

"வியாழக்கெழம சூலம்..."

"அதுக்குத்தான் பரஸ்தானம் வெச்சு வருசம் திரும்பப் போகுதே."

அவர் தரையில் கோடு இழுத்துக்கொண்டே இருந்தார். கரை வளைந்து வளைந்து பட்டறைச் சுவர்வரைக்கும் போய் முட்டியது. சாக்பீஸ் உடைந்தது. தலையைத் தூக்காமல் சொன்னார்:

"போயிட்டு வந்துட்டா, அப்பறம் நாம என்னத்த வசந்தா பேசறது?"

வசந்தாமணிக்கு அப்போதுதான் புரிந்தது. இவ்வளவு காலமும் இந்த மனுஷன் கடலுக்குப் பயப்படவில்லை, சூலத்துக்குப் பயப்படவில்லை, ஞாயிற்றுக்கிழமை தீர்ந்துபோகும் என்று பயந்துகொண்டிருந்திருக்கிறார். அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, சரிங்க, போகவேண்டாம், கூடாரத்துக்கு இன்னொரு ஜன்னல் வைக்கலாமா சொல்லுங்க என்று கேட்டுவிடத்தான் வாய் வந்தது. ஆனால் அங்கே ஒரு சேலை விடிய விடியக் காத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு எப்படிக் கேட்பது?

"நான் போறனுங்க" என்றாள்.

வியாழக்கிழமை விடிகாலையில் ஒரு பையில் புளிச்சோறு கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். சுப்பராயன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்தார். ஏறவில்லை. மதுரை போய், ராமநாதபுரம் போய், அங்கிருந்து ஒரு மினி பஸ், கடைசியில் ஒரு மீன் வண்டி என்று மாறி மாறிச் சங்குமுனைச் செக்போஸ்டில் இறங்கியபோது வெயில் இறங்கிவிட்டது. வனக்காவலர் ஒருவர், நரைத்த மீசைக்காரர், அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"நீங்கதான் அந்தச் சேலைக்காரம்மாவா?"

"ஆமாங்க."

"வாங்கத்தா. வந்துட்டீகளா! நாங்களும் எம்புட்டு நாளாப் பாத்துக்கிட்டு இருக்கோம். பொழுதானா கூடாரம் தானா நிக்கும். சேல வந்து வாசல்ல உக்காரும். வலைக்குப் போறவுக அதைச் சுத்திக்கிட்டுத்தான் போவாக, மிதிக்க மாட்டாக. ஆளு எப்ப வரும், ஆளு எப்ப வரும்னு எங்க பொம்பளைக கேட்டுக் கேட்டு என் உசுரை எடுத்துட்டாக. அய்யா வரலையா?"

"வருவாருங்க" என்றாள் வசந்தாமணி. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மணல்மேட்டில் ஏறினாள். ஏறி இறங்கினால் கடல். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவளும் வெகுநேரம் ஒன்றும் நினைக்கவில்லை, புளிச்சோற்றுப் பை கையிலிருந்து விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றாள். அப்புறம்தான் கூடாரத்தைப் பார்த்தாள். இரண்டு வாசலும் திறந்து காற்று உள்ளே புகுந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. வாசலில் அவள் சேலை, சம்மணம் போட்டு உட்கார்ந்த உயரத்துக்கு நிமிர்ந்து, கடலைப் பார்க்காமல் மேட்டைப் பார்த்து இருந்தது. அவளைக் கண்டதும் அப்படியே தளர்ந்து மணலில் சரிந்தது. ஓடிப்போய் அள்ளி எடுத்துக்கொண்டாள். எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, "வந்துட்டேன், வந்துட்டேன் கண்ணு" என்று பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். கூடாரத்துக்குள் போய் அதையே உடுத்திக்கொண்டு வந்து அலையில் நின்றாள்.

கூடார வாசலில் சுப்பராயனின் துண்டு மட்டும் அசையவில்லை. அது மேட்டைப் பார்த்தபடியே இருந்தது.

விடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டினாள். வந்து சேர்ந்துவிட்ட சாமான்கள், இனி அவளோடு பஸ்ஸில்தான் வரவேண்டும். அன்றைக்கு விடிந்தும் திரும்பிப் போகாமல் கிடந்த துண்டை எடுக்கக் குனிந்தாள். எடுத்துப்போய் வீட்டில் கொடுத்துவிட்டால் அதற்குக் காத்திருக்கும் வேதனை இல்லை, அவருக்கும் தொந்தரவு இல்லை, பயணம் ரத்து. கை துண்டைத் தொட்டது. உப்பேறி விறைத்துப்போய் இருந்தது. அதை எடுக்க அவளால் முடியவில்லை. காவலரிடம் ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

தெருவே வாசலில் கூடிவிட்டது. அலை எவ்வளவு உயரம், தண்ணீர் என்ன நிறம், பூநாரை ஒற்றைக்காலில் நிற்குமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் வசந்தாமணி கை நீட்டி நீட்டிச் சொன்னாள். தனபாக்கியத்தின் வீட்டுக்கே போய் அவளுக்கு மட்டும் தனியாக இன்னொரு தடவை சொன்னாள். கூட்டம் கலைந்த பிறகு சுப்பராயன் வந்து தயங்கித் தயங்கி நின்று கேட்டார்.

"எப்புடி இருந்துச்சு வசந்தா?"

"உங்களுக்குச் சொல்ல மாட்டனுங்க."

"ஏன்?"

"சொன்னா நீங்க தரையில வரைஞ்சு வெச்சுக்குவீங்க" என்றாள். "உங்க துண்டு அங்கதான் இருக்குது. நான் எடுத்தாரலை."

அவர் வெறும் தோளைத் தடவிக்கொண்டார். அன்றிலிருந்து தனபாக்கியம் வீட்டுக்குக் காலையில் துண்டு திரும்பி வரவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸ் எடுத்தார். வசந்தாமணி தைத்துக்கொண்டே இருந்தாள். அடுத்த ஞாயிறு எடுத்து, எங்கே கோடு தொடங்குவது என்று தெரியாமல் வைத்துவிட்டார். நேரில் போய்ப் பார்த்தவள் முன்னால், பார்க்காத இடத்தைப் படம் போட்டுக் காட்டுவது எப்படி? ராத்திரியில் தோள் நனைகிறது என்றார். சாப்பாட்டில் உப்புக் கூடிவிட்டது என்று ஒருநாள் குறை சொன்னார். அப்புறம், கூடவில்லை, அப்படி ஒரு நினைப்பு என்று அவரே சொன்னார். பேசாத மனுஷன் இப்படி ஒன்றிரண்டு வார்த்தை பேசத் தொடங்கியது வாரத்தின் நடுவில் என்பதை வசந்தாமணி கவனித்தாள். வாய் திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிடத் துடித்தது அவளுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனால் பட்டறையில் அவர் இல்லை. கம்ப்ரசர் ஒன்று மூடி திறந்தபடி கிடந்தது. பன்னிரண்டு மணி வண்டியில் மதுரைப் பக்கம் போனார், கையில் ஒரு பைகூட இல்லை என்று டீக்கடைக்காரன் வந்து சொன்னான். என்ன கிழமை என்று பஞ்சாங்கத்தைப் பார்க்கப் போன தனபாக்கியத்தை வசந்தாமணி தடுத்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. அந்த மணல்மேட்டின் உச்சியில் நின்றால் மட்டும் டவர் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏனுங்க, போய்ச் சேந்துட்டீங்களா? சாப்டீங்களா?"

இரைச்சல் மட்டும் கேட்டது, வந்து விழுந்து இழுத்துக்கொண்டு போகிற இரைச்சல்.

"ஏனுங்க?"

"வசந்தா" என்றார். மூச்சு வாங்கியது. "வசந்தா, இது... நான் என்னமோ..." அதற்குமேல் குரல் எழும்பவில்லை. அறுபது வயது மனுஷன் அழுவது போனில் கேட்டது.

வசந்தாமணி தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பாருங்க" என்றாள். "மொதல்ல பாருங்க. பேச்சுக்கென்ன, ஊட்டுக்கு வந்து பேசிக்கலாம்."

இருவரும் போனை வைக்கவில்லை.